காயம் சிறியதுதான், ஆபரேஷன் பெரியது: சாவித்துளை முறையில் இதய வால்வு மாற்றம்

இதய வால்வை மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னதுமே பெரும்பாலான வீடுகளில் எழும் முதல் கேள்வி, "நெஞ்சைப் பிளக்காமல் செய்ய முடியாதா?" என்பதுதான். பலருக்கு முடியும். நெஞ்செலும்பை முழுதாக அறுக்காமல், வலப்பக்க விலா எலும்புகளுக்கு இடையே ஐந்தாறு சென்டிமீட்டர் கீறல் போட்டு, அதன் வழியாகவே பழுதான வால்வை எடுத்துவிட்டுப் புதியதைத் தைத்துவிடுகிறார்கள். சாவித்துளை ஆபரேஷன், கீஹோல் சர்ஜரி, எம்.ஐ.சி.எஸ். என்று ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி பெயர் மாறும்.

"அப்போ ரெண்டு நாளில் வீட்டுக்கு வந்து வழக்கம்போல இருக்கலாமா?" என்று அடுத்த கேள்வி வரும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இந்த முறையில் மிச்சமாவது நெஞ்செலும்பு மட்டும்தான். இதயத்துக்குள் நடக்கும் வேலையில் எதுவும் குறைவதில்லை. இதயத்தை நிறுத்துகிறார்கள், ரத்தத்தை இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் செய்யும் ஓர் இயந்திரத்துக்குத் திருப்புகிறார்கள், முழு ஆபரேஷனில் வைக்கும் அதே மாதிரியான வால்வைத்தான் பொருத்துகிறார்கள். ஆகவே எலும்பு சம்பந்தப்பட்ட கட்டுப்பாடுகள் சீக்கிரம் தளரும். இதயம், நுரையீரல், ரத்தம், கிருமித்தொற்று சம்பந்தப்பட்டவை அப்படியே இருக்கும். இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால், டிஸ்சார்ஜ் அன்று கையில் திணிக்கப்படும் நீண்ட பட்டியலில் எது எதற்காக என்பது பாதி விளங்கிவிடும்.

வால்வு ஏன் கெடுகிறது?

இதயத்தில் நான்கு வால்வுகள். ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவுகள் அவை. ரத்தத்தை முன்னே விடும், பின்னே விடாது. ஒரு நாளில் ஏறத்தாழ லட்சம் தடவை திறந்து மூடுகின்றன. அடிக்கடி பழுதாவது இடப்பக்கம் இருக்கும் இரண்டு: மைட்ரல், அயோர்ட்டிக். ஒன்று, சரியாகத் திறக்காமல் சுருங்கிப்போகும். அல்லது சரியாக மூடாமல் கசியும். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

நம் நாட்டில் மைட்ரல் வால்வு கெடுவதற்கு இன்றும் பெரிய காரணம் ருமாட்டிக் காய்ச்சல். ஐந்து வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடையில் வரும் ஒரு வகைத் தொண்டைப் புண்ணைச் சரியாகக் கவனிக்காமல் விட்டால், சில வாரங்கள் கழித்து மூட்டு வலியோடு காய்ச்சல் வந்து போகும். மூட்டு சரியாகிவிடும், வால்வில் தழும்பு தங்கிவிடும். பத்து, இருபது ஆண்டுகள் கழித்து, பெரும்பாலும் ஒரு பெண்ணுக்குக் கர்ப்ப காலத்தில் மூச்சு வாங்கும்போதுதான் அது வெளியே தெரியும். அயோர்ட்டிக் வால்வின் கதை வேறு. வயதாக ஆக அதில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடுகிறது. மூன்று இதழ்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டே இதழ்களோடு பிறப்பவர்கள், நூறில் ஒருவர் அல்லது சற்றுக் கூடுதல், இந்தக் கட்டத்துக்கு ஐம்பது, அறுபது வயதிலேயே வந்துவிடுகிறார்கள்.

மாடி ஏறும்போது மூச்சிரைப்பு, நடக்கையில் நெஞ்சில் இறுக்கம், திடீர் மயக்கம், கால் வீக்கம் இவைதான் அடையாளங்கள். அயோர்ட்டிக் வால்வு கடுமையாகச் சுருங்கி, இந்த அறிகுறிகளும் தொடங்கிவிட்டால் தள்ளிப்போடக் கூடாது. மாற்றாமல் விட்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இரண்டு, மூன்று ஆண்டுகளைத் தாண்டுவதில்லை. "வயசாயிடுச்சு, அதான் மூச்சு வாங்குது" என்று சொல்லிச் சொல்லியே நாம் பலரை இழந்திருக்கிறோம்.

எல்லா வால்வையும் மாற்றத்தான் வேண்டும் என்பதில்லை. கசியும் மைட்ரல் வால்வைப் பல நேரம் பழுது பார்த்துவிடலாம். சுருங்கிய மைட்ரல் வால்வைச் சிலருக்கு பலூன் வைத்து விரித்துவிடலாம். இரண்டுக்கும் வழியில்லை என்று டாக்டர் சொல்லும்போதுதான் மாற்றம்.

எந்த வழியாகப் போகிறார்கள்?

இதய நுரையீரல் இயந்திரத்தை வைத்து முதல் வெற்றிகரமான ஆபரேஷனை ஜான் கிப்பன் பிலடெல்பியாவில் 1953 மே 6 அன்று செய்தார். 1960இல் செயற்கை வால்வு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நெஞ்சின் நடுவே இருபது சென்டிமீட்டர் கீறல், நெஞ்செலும்பை மேலிருந்து கீழ்வரை அறுத்தல் என்பதுதான் வழக்கம். 1990களின் நடுவில்தான் சிறிய கீறல்கள் வந்தன.

இன்று இரண்டு வழிகள் பரவலாக இருக்கின்றன. அயோர்ட்டிக் வால்வுக்கு நெஞ்செலும்பின் மேல் பாதியை மட்டும் திறப்பது ஒன்று. வலப்பக்க விலா இடுக்கு வழியாகப் போவது இன்னொன்று. மைட்ரலுக்கு இது ரொம்பவும் வாகானது. இவை இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். முதல் வழியில் எலும்பு பாதியாவது அறுபடுகிறது, ஆகவே எலும்பு சேரும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டாவதில் எலும்பே அறுபடுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மூன்று வாரத்தில் பைக் ஓட்டினார் என்றால், அவருக்கு எந்த வழியில் செய்தார்கள் என்று முதலில் கேளுங்கள்.

மூன்றாவதாக, டாவி. 2002 ஏப்ரல் 16 அன்று பிரான்சின் ரூவான் நகரில் ஆலன் கிரிபியே முதன்முதலில் மனிதருக்குச் செய்தது. கீறலே இல்லாமல், தொடை ரத்தக்குழாய் வழியாகச் சுருட்டிய வால்வை அனுப்பி, பழைய அயோர்ட்டிக் வால்வுக்கு உள்ளேயே விரித்துவிடுகிறார்கள். இதயத்தை நிறுத்துவதில்லை. எழுபது, எழுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கும், பெரிய ஆபரேஷனைத் தாங்காதவர்களுக்கும் இது நல்ல வழி. வால்வின் விலைதான் மலைக்க வைக்கும். அதற்கான தயாரிப்பும் தேறுதலும் தனி என்பதால், இங்கே நான் பேசுவது சிறு கீறல் ஆபரேஷனைப் பற்றித்தான்.

எல்லோருக்கும் சிறு கீறல் ஒத்துவராது. கூடவே பல அடைப்புகளுக்கு பைபாஸ் செய்ய வேண்டியவர்கள், தொடை ரத்தக்குழாய்கள் அடைபட்டவர்கள், வலப்பக்க நெஞ்சில் முன்பே ஆபரேஷன் ஆனவர்கள், நுரையீரல் ரொம்பவும் பலவீனமானவர்கள் ஆகியோருக்குப் பழைய முறையே பாதுகாப்பு. ஆபரேஷன் நடுவில் தேவைப்பட்டால் முழு நெஞ்செலும்பையும் திறக்கச் சம்மதம் என்று கையெழுத்து வாங்குவார்கள். அதைப் பார்த்து மிரள வேண்டாம். அந்த வரி இல்லாத படிவம் இருந்தால்தான் யோசிக்க வேண்டும். என் பார்வையில் நோயாளி வீட்டார் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, "வருஷத்துக்கு இந்த முறையில் எத்தனை செய்வீங்க டாக்டர்?" என்பதுதான். கை பழகியவர் முழு கீறலில் செய்வது, கை பழகாதவர் சிறு கீறலில் செய்வதைவிட மேல்.

உலோக வால்வா, திசு வால்வா?

ஆபரேஷனுக்கு முன் நோயாளி தானே முடிவெடுக்க வேண்டியது இது ஒன்றுதான். பல இடங்களில் ஐந்து நிமிடத்தில் பேசி முடித்துவிடுகிறார்கள் என்பது என் மனக்குறை.

உலோக வால்வு தேய்வது அபூர்வம். ஆனால் அதன்மேல் ரத்தம் உறையாமலிருக்க வாழ்நாள் முழுதும் தினமும் மாத்திரை, மாதம் ஒருமுறையாவது ரத்தப் பரிசோதனை. நம் நாட்டிலேயே, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் எம்.எஸ்.வலியத்தான் தலைமையில் உருவான சித்ரா வால்வு இந்த வகைதான். 1990 டிசம்பரில் முதன்முதலில் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வுக்குக் காசு கொடுக்க முடியாத லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அது போயிருக்கிறது. திசு வால்வு மாட்டின் இதய உறையிலிருந்தோ பன்றியின் வால்விலிருந்தோ செய்யப்படுவது. சில மாதங்களுக்குப் பிறகு பலருக்கு ஆஸ்பிரின் மட்டும் போதும். ஆனால் பத்து, பதினைந்து ஆண்டுகளில் தேய்ந்து மறுபடி மாற்ற வேண்டி வரலாம். வயது குறையக் குறைய அது சீக்கிரம் தேய்கிறது.

ஐம்பதுக்குள் இருந்தால் உலோகம், அறுபத்தைந்தைத் தாண்டினால் திசு என்பது பொதுக்கணக்கு. வாழ்க்கை அந்தக் கணக்குக்குள் அடங்காத இடங்கள் உண்டு. இனிமேல்தான் பிள்ளை பெற வேண்டிய பெண்ணுக்கு, உலோக வால்வுக்காகத் தினமும் சாப்பிடும் வார்ஃபரின் மாத்திரை பெரிய பிரச்சினை. கர்ப்பத்தின் ஆறாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம்வரை கருவைப் பாதிக்கக்கூடிய மருந்து அது. ரத்தம் பரிசோதிக்க இரண்டு பஸ் மாறி டவுனுக்குப் போக வேண்டிய ஊரில் இருப்பவர், மாத்திரை சாப்பிட மறந்துவிடும் தனி ஆள், உயரத்தில் நின்று வேலை செய்யும் கொத்தனார் என எல்லோரும் தங்கள் நிலையை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் அவருக்குத் தெரிய வழியில்லை.

முன்தயாரிப்பு பல்லிலிருந்து தொடங்குகிறது

எக்கோ, தேவைப்பட்டால் உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோ, இதய ரத்தக்குழாய்களுக்கு ஆஞ்சியோகிராம், தொடை ரத்தக்குழாய்களுக்கு சி.டி. ஸ்கேன், நுரையீரல் பரிசோதனை, ரத்தப் பரிசோதனைகள் இவையெல்லாம் ஆஸ்பத்திரியே பார்த்துக்கொள்ளும். உங்கள் கையில் இருப்பவற்றைச் சொல்கிறேன்.

முதலில் பல். இதய ஆபரேஷனுக்கு வந்தவரைப் பல் டாக்டரிடம் அனுப்பினால் பலர் முகம் சுளிப்பார்கள். சொத்தைப் பல்லிலும் வீங்கிய ஈறிலும் இருக்கும் கிருமிகள் ரத்தத்தில் கலந்து புது வால்வில் போய் ஒட்டிக்கொள்ளும். அங்கே ஒட்டிய கிருமியை மருந்தால் மட்டும் அழிப்பது கடினம். சிலருக்கு மறுபடி ஆபரேஷன் வரை போகும். பிடுங்க வேண்டிய பல்லை வால்வு வைப்பதற்கு முன்பே பிடுங்கி, ஈறு ஆறிய பிறகு வருவதுதான் சரி.

அடுத்தது மூச்சு. மூன்று பந்துகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் கருவியை மெடிக்கல் ஷாப்பில் வாங்கி வரச் சொல்வார்கள். பலர் அதில் ஊதுகிறார்கள். ஊதக் கூடாது, இழுக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை முழுதாக வெளியே விட்டுவிட்டு, குழாயை உதட்டால் இறுகக் கவ்வி, மெதுவாக, ஆழமாக உள்ளே இழுங்கள். முதல் பந்து எழும்பி மேலேயே இரண்டு, மூன்று விநாடி நிற்க வேண்டும். மூன்று பந்தும் சடக்கென்று எழும்பி விழுவதைவிட ஒரு பந்து நிதானமாக நிற்பது மேல். ஒரு தடவைக்குப் பத்து இழுப்பு, ஒரு நாளில் பல தடவை. வலப்பக்க விலா வழியாகச் செய்யும்போது வலது நுரையீரலைச் சுருக்கி வைத்துவிட்டு இடது நுரையீரலில்தான் மூச்சை ஓட்டுகிறார்கள். சுருங்கிக் கிடந்தது மறுபடி நன்றாக விரிய வேண்டும். இந்தப் பழக்கம் முன்பே கைவந்திருந்தால், வலியோடு கிடக்கும்போது புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்காது. பீடி, சிகரெட்டை நான்கு வாரங்களுக்கு முன்னாவது விட்டாக வேண்டும் என்பதும் இதனால்தான்.

மாத்திரைகளில் கவனம் வேண்டும். ரத்தத்தை இளக்கும் மாத்திரைகளை ஆபரேஷனுக்குச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். எதை, எத்தனை நாள் என்பது மாத்திரைக்கு மாத்திரை மாறும். நீங்களாக நிறுத்தவும் கூடாது, நீங்களாகத் தொடரவும் கூடாது. சர்க்கரை நோய்க்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிடுபவர்கள் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். மூன்று நாட்களாவது முன்பே நிறுத்த வேண்டிய வகை அவை. சித்த மருந்து, ஆயுர்வேத லேகியம், நாட்டு வைத்தியர் கொடுத்த சூரணம் எதுவாக இருந்தாலும் மறைக்காதீர்கள். டாக்டர் திட்டுவார் என்று பயந்து சொல்லாமல் விட்டு, ரத்தம் நிற்காமல் அவதிப்படுவதைவிட இரண்டு திட்டு வாங்கிக்கொள்ளலாம்.

வீட்டையும் தயார் செய்ய வேண்டும். பாயில் படுப்பவர்களுக்குக் கட்டில் வேண்டும். தரையிலிருந்து கையை ஊன்றி எழுவது முதல் சில வாரங்களில் நெஞ்சுக்கும் தொடைக்கும் கஷ்டம். குத்துக்காலிட்டு உட்காரும் கழிப்பறை மட்டும் இருந்தால், நடுவில் ஓட்டை உள்ள கமோடு நாற்காலி ஒன்றை வாடகைக்காவது எடுத்து வையுங்கள். ஏனென்றால், நெஞ்சில் மட்டும் கீறல் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு ஒரு செய்தி உண்டு: பலருக்குத் தொடை இடுக்கிலும் ஒரு சிறு கீறல் இருக்கும். இதய நுரையீரல் இயந்திரத்தின் குழாய்களை அங்கேதான் செருகுகிறார்கள். உட்காரும்போதும் எழும்போதும் அந்தத் தையல்தான் முதலில் இழுக்கும்.

பண விஷயம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வால்வு மாற்றம் உண்டு. சிறு கீறல் முறைக்கும் நீங்கள் விரும்பும் வால்வுக்கும் அது முழுதாகப் பொருந்துமா, மேலே எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் எழுத்தாகவே வாங்கிக்கொள்வது நல்லது. ரத்தம் கொடுக்க ஆள் கேட்பார்கள். ஆபரேஷன் அன்று காலையில் போன் போட்டுத் தேடாமல், இரண்டு, மூன்று பேரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

முந்தின இரவு கிருமிநாசினி சோப்பில் குளிக்கச் சொல்வார்கள். நெஞ்சு முடியை வீட்டில் பிளேடால் மழிக்க வேண்டாம். சிறு வெட்டுகளில் கிருமி சேரும். ஆஸ்பத்திரியில் இயந்திரத்தால் கத்தரிப்பார்கள். சாப்பாடும் தண்ணீரும் எப்போது நிறுத்த வேண்டும் என்று மயக்க மருந்து டாக்டர் சொன்னால், "ஒரு வாய் காபிதானே" என்று யாரும் பாசத்தைக் காட்டக் கூடாது.

ஐசியுவில் கண் விழிக்கும்போது

ஆபரேஷன் நான்கைந்து மணி நேரம் ஆகலாம். சிறு கீறலில் இதயத்தை நிறுத்திவைக்கும் நேரம் முழு கீறலைவிடக் கூடுதலாக இருப்பதும் உண்டு. வெளியே காத்திருப்பவர்கள் நேரத்தை வைத்துக் கலங்க வேண்டாம்.

கண் விழிக்கும்போது தொண்டையில் குழாய் இருக்கும். பேச முடியாது. அரை மயக்கத்தில் குழாயைப் பிடுங்கிவிடாமலிருக்கக் கைகளை மெதுவாகக் கட்டி வைத்திருப்பார்கள். முன்பே தெரிந்திருந்தால் திகில் பாதியாகக் குறையும், அதனால்தான் சொல்கிறேன். மூச்சு சீரானதும், பெரும்பாலும் சில மணி நேரத்தில், குழாயை எடுத்துவிடுவார்கள். நெஞ்சிலிருந்து நீரும் ரத்தமும் வடிய ஒன்றிரண்டு குழாய்கள், சிறுநீர்க் குழாய், கழுத்தில் ஒரு ஊசிக் குழாய், தேவைப்பட்டால் இதயத் துடிப்பைத் தூண்ட மெல்லிய கம்பிகள் எனப் பல இருக்கும். அடுத்தடுத்த நாட்களில் ஒவ்வொன்றாகப் போகும்.

வலியைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். எலும்பை அறுக்கவில்லை என்பதால் வலியே இருக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒவ்வொரு விலா எலும்பின் அடியிலும் ஒரு நரம்பு ஓடுகிறது. விலா இடுக்கை விரிக்கும்போது அது அழுந்துகிறது. முதல் சில நாட்களுக்கு இந்த வலி முழு கீறலின் வலிக்குச் சமமாகவோ சற்றுக் கூடவோகூட இருக்கலாம். அதன்பின் குறைவது வேகமாக இருக்கும். வலி மருந்தைக் கேட்டு வாங்குங்கள். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்பவர் ஆழமாக மூச்சு விடமாட்டார், இருமமாட்டார். சளி தேங்கி நிமோனியா வருவது அங்கிருந்துதான். பிசியோதெரபிஸ்ட் தலையணையோடு வந்து நிற்பார்: "அம்மா, இதை நெஞ்சோட சேர்த்து அணைச்சுக்கிட்டு ரெண்டு தடவை நல்லா இருமுங்க." கீறலின் மேல் தலையணை அழுந்தியிருக்கும்போது தையல் இழுக்காது, இருமல் வரும், சளியும் வரும்.

மறுநாளே நாற்காலியில் உட்கார வைப்பார்கள், நடக்கவும் வைப்பார்கள். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் திடீரென்று நெஞ்சு படபடக்கலாம். வால்வு ஆபரேஷன் ஆனவர்களில் பத்துக்கு மூன்று, நான்கு பேருக்கு இப்படி இதயத் துடிப்பு தாளம் தப்புகிறது. மருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஓரிரு நாள் கூடுதலாகத் தங்க நேரும். வயதானவர்கள் சிலர் இரவில் குழம்பிப் பேசுவார்கள், சொந்த மகனையே யாரென்று கேட்பார்கள். அதைப் பார்த்து வீட்டார் உடைந்துபோகிறார்கள். பெரும்பாலும் சில நாட்களில் தெளியும். கண்ணாடியையும் காது மெஷினையும் கொடுத்து, "அப்பா, இது ஆஸ்பத்திரி, இன்னிக்கு செவ்வாய்க்கிழமை, ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிடுச்சு" என்று பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொல்வது உதவும்.

எல்லாம் சரியாகப் போனால் ஐந்திலிருந்து ஏழு நாட்களில் வீடு.

வீட்டில் முதல் ஆறு வாரம்

முதல் வாரம் ஏமாற்றமாக இருக்கும். தோல் காயம் உலர்ந்துகொண்டிருக்கும், ஆள் மட்டும் துவண்டு கிடப்பார். பசி இருக்காது, வாய் கசக்கும், தூக்கம் விட்டுவிட்டு வரும், காரணமில்லாமல் அழுகை வரும். இயந்திரத்தின் வழியே ஓடி வந்த ரத்தமும், நிறுத்தி ஓட்டப்பட்ட இதயமும் தேறுவதற்கு ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம்வரை எடுத்துக்கொள்ளும். கீறல் சிறியது என்பதால் இந்தக் காலம் சுருங்குவதில்லை. "சின்னக் காயம்தானே, எழுந்து நடமாடுங்க" என்று பார்க்க வரும் சொந்தக்காரர்கள் சொல்வதையும், "அசையவே அசையாதீங்க" என்று பாட்டி சொல்வதையும் ஒருசேர ஒதுக்கிவிடலாம்.

நடைதான் மருந்து. முதல் வாரத்தில் வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம், நாளுக்கு நான்கைந்து தடவை. பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டி, ஆறு வார முடிவில் ஒரே மூச்சில் அரை மணி நேரம். நடக்கும்போது பேச முடிந்தால் வேகம் சரி. பேச்சு தடைபட்டால் குறையுங்கள். வலது கையை அசைக்காமல் வைத்திருப்பது பெரிய தவறு. தோள் இறுகிவிடும், அதைப் பிறகு அவிழ்ப்பது வேதனை. சுவரில் விரல்களை ஏற்றி ஏற்றிக் கையை உயர்த்தும் பயிற்சியை பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுப்பார். பெண்களுக்கு மார்பின் அடியில் கீறல் இருக்கும். மார்பின் எடை தையலை இழுக்காமலிருக்க, கம்பி இல்லாத மென்மையான உள்ளாடையை இரவிலும் போட்டிருப்பது வசதி.

எடை தூக்குவதிலும் வண்டி ஓட்டுவதிலும்தான் சிறு கீறலின் லாபம் தெரியும். விலா வழியாகச் செய்தவர்கள் பெரும்பாலும் நான்கு வாரம் கழித்து மெல்ல மெல்ல எடை தூக்கலாம். நெஞ்செலும்பின் மேல் பாதியைத் திறந்தவர்கள் எட்டு வாரம்வரை நிறைகுடத்தையோ பேரப்பிள்ளையையோ தூக்கக் கூடாது. இரு சக்கர வண்டிக்கும் ஏறக்குறைய இதே கணக்கு, டாக்டர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு. மேசை வேலைக்கு ஆறு வாரத்துக்குள் திரும்பிவிடலாம். வயல் வேலைக்கும் மூட்டை தூக்குவதற்கும் மூன்று மாதமாவது ஆகும். தாம்பத்தியத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை, டாக்டர்களும் பலர் சொல்வதில்லை. இரண்டு மாடி ஏறி மூச்சு வாங்காமல் நிற்க முடிந்தால் இதயம் அதற்கும் தயார்.

தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன், எடை பார்த்துக் குறித்து வையுங்கள். ஒரே நாளில் ஒரு கிலோவோ, ஒரு வாரத்தில் இரண்டு கிலோவோ ஏறினால் அது சாப்பாட்டால் வந்த சதையல்ல, உடலில் தேங்கும் நீர். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் கொஞ்ச காலம் தள்ளி வைப்பது இதற்காகத்தான். மலச்சிக்கல் வரும், முக்காதீர்கள், மருந்து கேளுங்கள். தொடை இடுக்கில் வீக்கமோ தெளிந்த நீர்க் கசிவோ இருந்தால் காட்ட வேண்டும். படுத்தால் மூச்சு முட்டுவது, மயக்கம், காயத்தில் சீழ், நிற்காத ரத்தக் கசிவு இவற்றில் எதற்கும் அடுத்த செக்கப் வரை காத்திருக்கக் கூடாது. வாய் கோணல், கை கால் மரத்துப்போதல், பேச்சுக் குழறல் வந்தால் நேராக 108.

காய்ச்சலைத் தனியாகச் சொல்கிறேன், அவ்வளவு முக்கியம். வால்வு வைத்தவருக்குக் காய்ச்சல் வந்தால் மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடவே கூடாது. வால்வில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க ரத்தத்தை எடுத்து வளர்த்துப் பார்க்க வேண்டும். முன்கூட்டியே நாலு மாத்திரை விழுங்கிவிட்டால் கிருமி சோதனையில் சிக்காது, ஆனால் வால்வில் இருந்துகொண்டே இருக்கும். முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகு மருந்து.

கீரையும் ஐ.என்.ஆரும்

உலோக வால்வுக்காரர்களின் வாழ்க்கை ஒரு எண்ணைச் சுற்றி ஓடும். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். சாதாரண ஆளுக்கு அது 1. அயோர்ட்டிக் இடத்தில் உலோக வால்வு இருந்தால் பொதுவாக 2க்கும் 3க்கும் இடையில், மைட்ரல் இடத்தில் 2.5க்கும் 3.5க்கும் இடையில் வைப்பார்கள். குறைந்தால் வால்வில் ரத்தம் உறையும். கூடினால் எங்காவது ரத்தம் கசியும். அசிட்ரோம், வார்ஃபரின் என்று எழுதித் தருவது இதற்காக. தினமும் ஒரே நேரத்தில் சாப்பிடுங்கள். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. புதிதாக வந்திருக்கும், பரிசோதனையே தேவைப்படாத ரத்த இளக்கி மாத்திரைகள் உலோக வால்வுக்கு ஆகாது. டாபிகாட்ரான் மருந்தை இதற்காகச் சோதித்த ஆய்வில் ரத்த உறைவும் ரத்தக் கசிவும் கூடியதால் பாதியிலேயே நிறுத்தினார்கள். நண்பருக்கு அது ஒத்துக்கொண்டது என்று நீங்கள் மாறிவிடாதீர்கள்.

"கீரை சாப்பிடவே கூடாது" என்று நம்மூரில் பரவியிருக்கும் பயம் தேவையில்லாதது. கீரையில் இருக்கும் வைட்டமின் கே இந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும், உண்மைதான். ஆனால் அளவு ஒரே மாதிரி இருந்தால் மாத்திரையை அதற்கேற்ப அமைத்துவிடுவார்கள். வாரம் இரண்டு நாள் கீரை உண்பவர் வாரம் இரண்டு நாளே உண்ணட்டும். மாதம் முழுக்கத் தொடாமலிருந்துவிட்டு, ஊருக்குப் போன ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை தின்றால்தான் எண் சரியும். கீரையைவிட ஆபத்தானவை வேறு: மூட்டு வலிக்குத் தானாக வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக், புரூஃபென், சில ஆன்டிபயாட்டிக்குகள், பூஞ்சைக்கான மாத்திரை, அளவு தெரியாத நாட்டு மருந்து, சாராயம். புது மருந்து எது சேர்ந்தாலும் சில நாளில் ஐ.என்.ஆர். பார்த்துவிட வேண்டும். பிட்டத்தில் ஊசி போட வருபவரிடம் இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லுங்கள்; தசைக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும்.

இரவு அமைதியில் உலோக வால்வின் 'டிக் டிக்' சத்தம் சிலருக்குக் கேட்கும். முதலில் தூக்கம் கெடும், பிறகு பழகிவிடும். அந்தச் சத்தம் திடீரென்று மழுங்கினாலோ நின்றாலோ, கூடவே மூச்சும் வாங்கினால், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் ஒரு எக்கோ எடுப்பார்கள். அதுதான் இனிவரும் எக்கோக்களை ஒப்பிட அடிப்படை. அந்தத் தாளைத் தொலைக்காதீர்கள். வால்வின் பெயரும் அளவும் எண்ணும் உள்ள அட்டை ஒன்று தருவார்கள், அது பர்ஸில் இருக்கட்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும்போது அதைக் காட்ட வேண்டும். இன்றைய வால்வுகளோடு எடுக்கலாம், எந்த வால்வு என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். பல் பிடுங்கும்போதும் ஈறைச் சுத்தம் செய்யும்போதும் முன்கூட்டியே ஒரு வேளை ஆன்டிபயாட்டிக் தேவை என்பதைப் பல் டாக்டரிடம் நீங்களே நினைவூட்டுங்கள். ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு போனவர்கள், மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசியைப் புது வால்வு வந்துவிட்டது என்று நிறுத்திவிடுகிறார்கள். மீதமிருக்கும் சொந்த வால்வுகளைக் காப்பாற்றவே அந்த ஊசி. எத்தனை வயதுவரை என்பதை இதய டாக்டர்தான் சொல்ல வேண்டும்.